ரீசெட்டுக்கு முன் ரெஜிஸ்டரைப் படியுங்கள்: யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் ஆர்கே11 டிஸ்க் டிரைவரைச் சரிசெய்வது

1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் ஆர்கே டிரைவர் (பிடிபி-11 கணினியில் ஆர்கே11 என்ற டிஸ்க் கன்ட்ரோலரை ஓட்டும் நிரல்) இருநூறு வரியைத் தாண்டாது. கையாள வேண்டிய ரெஜிஸ்டர்களும் (கன்ட்ரோலரோடு பேசும் சிறு நினைவக இடங்கள்) ஆறுதான். அதனால் டிரைவர் எழுதிப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி. ஆனால் இது சறுக்கும்போது பெரும்பாலும் சத்தமே போடாது. சத்தம் போட வைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

உங்களுக்கு சி தெரியும், சிம்எச் எமுலேட்டரில் ஆறாம் பதிப்பை பூட் செய்து பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சிபியு வகையை பிடிபி-11/40 என்று வைத்துக்கொள்ளுங்கள். 11/70 வேண்டாம். அங்கே டிஸ்க்குக்கும் நினைவகத்துக்கும் நடுவில் யூனிபஸ் மேப் என்ற இன்னொரு அடுக்கு வந்து நிற்கும். பிழை எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிடும்.

கட்டளைகளையும் பெயர்களையும் ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன். ரெஜிஸ்டர் மதிப்புகளும் நினைவக முகவரிகளும் ஆக்டல். பிளாக் எண்கள் தசமம்.

ஆறு ரெஜிஸ்டர்கள்

777400-இல் தொடங்கி வரிசையாக: டிஎஸ் (டிரைவ் நிலை), இஆர் (பிழை), சிஎஸ் (கட்டளையும் நிலையும்), டபிள்யூசி (எத்தனை வேர்ட்; ஒரு வேர்ட் 16 பிட்), பிஏ (நினைவக முகவரி), டிஏ (டிஸ்க் முகவரி). இன்டரப்ட் வெக்டர் (கன்ட்ரோலர் குறுக்கிட்டதும் எங்கே தாவ வேண்டும் என்று எழுதியிருக்கும் இடம்) 220, முன்னுரிமை 5.

ஆர்கே05 டிஸ்க்கில் 203 சிலிண்டர், 2 பரப்பு, ஒரு டிராக்கில் 12 செக்டர். மொத்தம் 4872 பிளாக். இமேஜ் கோப்பில் (எமுலேட்டரில் டிஸ்க்காக நிற்கும் கோப்பு) பிளாக்குகள் நேர்வரிசையில் இருக்கும். பிளாக் எண்ணை 512-ஆல் பெருக்கினால் கோப்பில் அதன் இடம் கிடைத்துவிடும். முழு இமேஜ் 24,94,464 பைட். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

படி 1: நகல்

சோதிக்கிற டிரைவர்தான் ரூட் டிஸ்க்கையும் ஓட்டுகிறது. டிஸ்க்கில் ஒருமுறை இடம் மாறி எழுதினால் போதும், கோப்பு முறைமையே போய்விடும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் புது இமேஜ் நகல். புதுக் கர்னலைப் பழையதன்மேல் எழுதாமல் வேறு பெயரில் வைத்து, பூட் செய்யும்போது @ குறிக்குப் பின் அந்தப் பெயரைக் கொடுங்கள்.

கர்னல் ஏறிவிட்டதால் டிரைவர் சரி என்று முடிவுகட்டாதீர்கள். பூட் பிளாக்கில் டிஸ்க் படிக்கத் தனி நிரல் இருக்கிறது. உங்கள் டிரைவர் வேலையில் இறங்குவது அதற்கப்புறம்தான்.

படி 2: ஸ்விட்சுகள்

பலரை மாட்டிவிடுவது இந்த இடம்தான். டிரைவரில் பிரின்ட்எஃப் போட்டாயிற்று, கர்னலை மறுபடி கட்டியாயிற்று, ஓட்டினால் திரையில் ஒன்றுமே வரவில்லை. அந்த வரிக்கு ஓட்டம் வரவே இல்லை என்று நினைத்து வேறெங்கோ தேடப் போவோம். உண்மையில் ஓட்டம் வந்திருக்கும்.

ஆறாம் பதிப்புக் கர்னலின் புட்சார், எழுத்தை அனுப்புமுன் முன்பலகை ஸ்விட்சுகளைப் பார்க்கிறது. எல்லாம் சைபராக இருந்தால் எதையும் அச்சிடாமல் திரும்பிவிடுகிறது. கர்னலின் சொந்தப் பிழைச் செய்திக்கும் இதே கதிதான். எமுலேட்டரில் ஸ்விட்சுகளுக்குப் பதிலாக எஸ்ஆர் என்ற ரெஜிஸ்டர் இருக்கிறது. பூட்டுக்கு முன் டெபாசிட் கட்டளையால் அதில் 173030 போடுங்கள். செய்தியும் வரும், ஒற்றைப் பயனர் நிலையிலும் நிற்கும்; டிரைவர் சோதனைக்கு அதுதான் வசதி. பல பயனர் நிலை வேண்டுமென்றால் 1 போதும்.

படி 3: ரீசெட்டுக்கு முன் படியுங்கள்

பிழை வந்தால் இன்டரப்ட் செயலி (கன்ட்ரோலர் குறுக்கிட்டதும் ஓடும் ஃபங்ஷன்) முதலில் டெவ்எரர் செயலியைக் கூப்பிடுகிறது. அது சாதன எண், பிளாக் எண், இஆர், டிஎஸ் ஆகியவற்றை அச்சிடும். அடுத்த வரியிலேயே கன்ட்ரோலருக்கு ரீசெட் போகிறது. ரீசெட் ஆனதும் இஆர், டபிள்யூசி, பிஏ, டிஏ நான்கும் சைபர். சிஎஸ்-இல் தயார் பிட் மட்டும், அதாவது 200. தடயம் முழுக்க அழிந்துவிட்டது.

அதனால் சிஎஸ், டபிள்யூசி, பிஏ, டிஏ நான்கையும் ஆக்டலில் காட்டும் ஒரு பிரின்ட்எஃப்பை ரீசெட்டுக்கு முன்னால் சேருங்கள். ஒரு வரி பின்னால் போட்டால் சிஎஸ் தவிர எல்லாம் சைபராக வரும். கன்ட்ரோலருக்கு முகவரியே போய்ச் சேரவில்லை என்று இல்லாத பிழையைத் துரத்துவீர்கள்.

இஆர்-இல் அடிக்கடி பார்க்கக்கூடியவை: 40 என்றால் இல்லாத செக்டர், 100 இல்லாத சிலிண்டர், 200 இல்லாத டிரைவ், 2000 இல்லாத நினைவகம், 20000 எழுத்துப் பூட்டு. கடைசியானது வந்தால் நிரலைத் தொடவே வேண்டாம், இமேஜைப் படிக்க மட்டும் என்று இணைத்திருப்பீர்கள்.

ஒரே பிளாக் எண்ணோடு அதே செய்தி 11 முறை வந்தால் அது பதினொரு பிழை இல்லை. டிரைவர் பத்து முறை திரும்ப முயல்கிறது, ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு செய்தி, அவ்வளவுதான். எமுலேட்டரில் 11 முறை வந்தால் முகவரிக் கணக்கைச் சந்தேகப்படுங்கள். நிஜ டிஸ்க்கில் ஒன்றிரண்டு வந்து நின்றுவிட்டால் மறுமுயற்சியில் படித்துவிட்டது என்று பொருள். டிரைவரில் கை வைக்காதீர்கள்.

படி 4: டிஸ்க் முகவரியைக் கையால் போட்டுப் பாருங்கள்

டிஏ-வின் மேல் 3 பிட் டிரைவ், அடுத்த 8 சிலிண்டர், அடுத்த 1 பரப்பு, கீழ் 4 செக்டர். பிளாக்கை 12-ஆல் வகுத்து, ஈவை 4 பிட் இடப்பக்கம் தள்ளி, மீதியைச் சேர்த்தால் டிரைவ் 0-க்கான டிஏ.

பிளாக் 1000: ஈவு 83, மீதி 4. 83 என்பது சிலிண்டர் 41, பரப்பு 1. டிஏ 002464. செய்தியில் இது வராவிட்டால் உங்கள் கணக்கு தப்பு.

செக்டர் எண்ணுக்கு 4 பிட் இருப்பதைப் பார்த்து ஒரு டிராக்கில் 16 செக்டர் என்று நினைத்து எழுதிவிடுவது வழக்கமான பிழை. அதன் அடையாளம் தெளிவானது: பிளாக் 0 முதல் 11 வரை சரி, 12, 13, 14, 15-இல் இஆர் 40, மறுபடி 28 முதல் 31 வரை அதே 40. ஆபத்து நடுவில் இருக்கிறது. 16 முதல் 27 வரை பிழையே காட்டாது, ஆனால் வேறு பிளாக்கைப் படித்துத் தரும். சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் அடிப்படை விவரம்) 1-இல் இருப்பதால் மவுண்ட்கூட ஆகிவிடும்.

இஆர் 100 வந்தால் ஸ்வாப் (நினைவகத்தில் இடம் போதாதபோது நிரல்களை ஒதுக்கி வைக்கும் டிஸ்க் பகுதி) எல்லையையும் பாருங்கள். வழக்கமான அமைப்பில் கோப்பு முறைமைக்கு 4000 பிளாக், ஸ்வாப் 4000-இல் தொடங்கி 872 பிளாக். ஒரு பிளாக் கூடினாலும் அது சிலிண்டர் 203. கடைசிச் சிலிண்டர் 202.

படி 5: 177400 என்ற எண்

டபிள்யூசி-யில் வேர்ட் எண்ணிக்கை எதிர்மறையாகப் போக வேண்டும். ஒரு பிளாக் 256 வேர்ட். -256-ஐ 16 பிட்டில் எழுதினால் 177400. கன்ட்ரோலரின் தொடக்க முகவரியும் 16 பிட்டில் 177400தான். வெறும் தற்செயல். ஆனால் டபிள்யூசி-யில் இதைப் பார்த்து, முகவரி தவறிப்போய் இங்கே எழுதப்பட்டுவிட்டது என்று பதற வேண்டாம். ஒரு பிளாக் கேட்டதில் ஒரு வேர்டுகூட நகரவில்லை என்பதே அதன் செய்தி.

சைபர் என்றால் முழுக்க நகர்ந்துவிட்டது. பரிமாற்றம் தொடங்குகிற நேரத்தில் 177000 இருந்தால் வேர்டுக்குப் பதில் பைட்டை எண்ணியிருக்கிறீர்கள். 512 வேர்ட் நகரும். பக்கத்து பஃபர் பாழ். கன்ட்ரோலர் இதைப் பிழையாகவே கருதாது.

இங்கே பழைய சி-யின் ஒரு குழியும் உண்டு. ஆறாம் பதிப்பின் கம்பைலருக்குச் சமக்குறியை ஒட்டிக் கழித்தல் குறி வந்தால் அது "கழித்து வை" என்று அர்த்தம். டபிள்யூசி-க்கு -256 கொடுப்பதாக நினைத்து இரண்டையும் இடைவெளி இல்லாமல் எழுதினால், இருக்கிற மதிப்பிலிருந்து 256 கழியும். ஒவ்வொரு பரிமாற்றமும் டபிள்யூசி-யைச் சைபரில் விட்டுப் போவதால் விடை சரியாகவே வந்துகொண்டிருக்கும். ரீசெட் இல்லாமல் பாதியில் நின்ற ஒரு பரிமாற்றம் போதும், அதன்பின் எல்லாம் கோணல். சமக்குறிக்குப் பின் இடைவெளி விடுங்கள்.

எழுதும் வரிசையும் முக்கியம்: டிஏ, பிஏ, டபிள்யூசி, கடைசியில் சிஎஸ். கோ பிட் (வேலையைத் தொடங்கச் சொல்வது) சிஎஸ்-இல் இருப்பதால் அதை முன்னால் எழுதினால் போன பரிமாற்றத்தின் மிச்ச மதிப்புகளோடு வேலை தொடங்கிவிடும்.

படி 6: தொங்கிப்போனால்

கன்ட்ரோல்-இ அழுத்தி எமுலேட்டரை நிறுத்தி, எக்ஸாமின் ஆர்கே ஸ்டேட் என்று கேளுங்கள். கன்ட்ரோலர் ரெஜிஸ்டர்கள் மொத்தமாக வரும். பிரின்ட்எஃப்பைவிட எனக்கு இதுவே பிடிக்கும், நேரத்தைக் கெடுக்காது.

படித்து முடித்த ஆரோக்கியமான சிஎஸ் 304: தயார் 200, இன்டரப்ட் அனுமதி 100, படி 4. எழுதி முடித்தால் 302. பஃபர் மேல் நினைவகத்தில் இருந்தால் 20 அல்லது 40 கூடும். கடும்பிழை என்றால் 140304 போல வரும்.

204 இருந்து டபிள்யூசி சைபர் என்றால் டிஸ்க் தன் வேலையை முடித்துவிட்டது. இன்டரப்ட் அனுமதி கொடுக்க மறந்தது நீங்கள்.

304 இருந்தும் தொங்குகிறதா? பிசி (அடுத்த கட்டளையின் முகவரி) எங்கே சுற்றுகிறது என்று பாருங்கள். கர்னலின் ஸ்டார்ட் என்ற இடத்திலேயே இரண்டு கட்டளைக்குள் சுற்றினால், 220-இல் வெக்டர் இல்லை. வெக்டர் சைபராக இருப்பதால் ஓட்டம் முகவரி 0-க்குப் போய், அங்கிருந்து ஸ்டார்ட்டுக்குத் தாவுகிறது. மெமரி மேனேஜ்மென்ட் ஏற்கெனவே இயங்குவதைப் பார்த்து அங்கேயே சுற்றச் சொல்வது அந்த நிரலின் வழக்கம். வெக்டர்கள் எழுதப்பட்டிருக்கும் எல் டாட் எஸ் கோப்பைத் திறந்து 220 வரி இருக்கிறதா பாருங்கள்.

பிசி சும்மா ஐடில் நிலையில் இருந்தால் இன்டரப்ட் வந்தும் செயலி முதல் வரியிலேயே திரும்பியிருக்கலாம். டி-ஆக்டிவ் (ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற டிரைவரின் குறி) சைபராக இருந்தால் அப்படித்தான் ஆகும். டிரைவரின் சொந்த ஆர்கேஸ்டார்ட் செயலி அதை ஏற்றுகிறதா என்று பாருங்கள்.

செயலியில் பிரேக்பாயின்ட் வைக்க என்எம் கட்டளை (பெயர்களின் முகவரிப் பட்டியல் தருவது) காட்டும் முகவரியைக் கொடுங்கள். சி பெயர்களுக்கு முன்னால் ஓர் அடிக்கோடு இருக்கும். பயனர் நிரல்களும் முகவரி 0-இலிருந்து தொடங்குவதால் ஷெல் அந்த முகவரியைத் தொட்டாலும் எமுலேட்டர் நிற்கும். நின்றதும் சிபியுவின் நிலை ரெஜிஸ்டரான பிஎஸ்டபிள்யூ-வின் மேல் இரண்டு பிட்டைப் பாருங்கள். 00 என்றால் கர்னல், 11 என்றால் பயனர். பயனர் என்றால் தொடரச் சொல்லிவிடுங்கள்.

படி 7: எப்போதோ ஒருமுறை வரும் பிழை

வரிசையில் கோரிக்கையைச் சேர்க்கும் பகுதி எஸ்பிஎல்5-க்கும் (இந்த இன்டரப்டைத் தடுப்பது) எஸ்பிஎல்0-க்கும் (மறுபடி அனுமதிப்பது) நடுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலியை மாற்றும் பாதியில் இன்டரப்ட் நுழைந்து ஒரு கோரிக்கை காணாமல் போகும். இதற்கு பிரின்ட்எஃப் உதவாது. கர்னல் பிரின்ட்எஃப் ஒவ்வொரு எழுத்துக்கும் கன்சோல் தயாராகும்வரை காத்து நிற்கும். அந்தத் தாமதத்தில் பிழை ஒளிந்துகொள்ளும். 32 இடமுள்ள ஒரு அணியில் பிளாக் எண்ணையும் சிஎஸ்-ஐயும் சுற்றிச்சுற்றி எழுதிவிட்டு, எமுலேட்டரை நிறுத்தி அந்த நினைவகத்தைப் பாருங்கள். ஆர்கே ஸ்டேட் பட்டியலில் தேடல் தாமதம், சுழற்சித் தாமதம் என்று இரண்டு எண்கள் உண்டு. அவற்றைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினால் இந்த வகைப் பிழை சீக்கிரம் வெளியே வரும்.

படி 8: தரவு சரியா?

இரண்டாவது டிஸ்க்கில் 4872 பிளாக்கையும் நிரப்புங்கள். ஒவ்வொரு பிளாக்கின் எல்லா வேர்டிலும் அந்தப் பிளாக்கின் எண். பிறகு முதல் பிளாக்கிலிருந்து வரிசையாகப் படியுங்கள். எழுதிய பிளாக்கை உடனே படித்தால் பஃபர் கேஷ்தான் (கர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் பிளாக் நகல்கள்) பதில் சொல்லும், டிஸ்க் இல்லை. கேஷில் 15 பஃபர் உண்டு. ரா சாதனம் வழியாகப் படித்தால் கேஷ் குறுக்கே வராது.

அதோடு விடாமல் எமுலேட்டருக்கு வெளியே வந்து இமேஜையும் பாருங்கள். எழுதுவதிலும் படிப்பதிலும் ஒரே முகவரிப் பிழை இருந்தால் உள்ளே எல்லாம் பொருந்தியே காட்டும். 512-இன் மடங்கில் போய்ப் பார்த்தால்தான் குட்டு உடையும். முழுக்க நிரப்பிய பிறகு கோப்பின் அளவு 24,94,464 இல்லையென்றால் அதுவே ஒரு தடயம்.

பின்சேர்க்கை

மாற்றம் செய்தும் பழைய நடத்தையே தொடர்கிறது என்றால் டிரைவரைக் கம்பைல் செய்து, டிரைவர்கள் இருக்கும் லிப்2 லைப்ரரியில் ஏஆர் கட்டளை மூலம் மாற்றாமல் விட்டிருப்பீர்கள். லிங்கர் பழையதை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடும். செய்தியில் ஓர் எண்ணை ஒவ்வொரு முறையும் கூட்டி வைத்தால் எந்தக் கர்னல் ஓடுகிறது என்று தெரியும்.

இந்த டிரைவரை இன்றைய கிராஸ் கம்பைலருக்கு மாற்றுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பிழை பிட் 15-ஆவது என்பதால் மூலநிரல் சிஎஸ் சைபரைவிடச் சிறியதா என்று கேட்கிறது. ரெஜிஸ்டரை அன்சைன்ட் ஆக்கினால் அந்தக் கேள்விக்கு ஒருபோதும் ஆம் வராது, எல்லாப் பிழையும் வெற்றியாகவே தெரியும். 100000 பிட்டை நேரடியாகச் சோதியுங்கள். ரீசெட்டுக்குப் பின் தயார் பிட்டுக்காகக் காத்திருக்கும் சுற்றுக்கு வோலட்டைல் வேண்டும். இல்லாவிட்டால் ஆப்டிமைசர் ஒரே ஒரு முறை படித்துவிட்டு நிரந்தரமாகச் சுற்ற விட்டுவிடும்.