முகாம் பிள்ளை வகுப்பில் இருக்கும்போது

ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பள்ளிக்குப் பக்கத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். ('அகதிகள் முகாம்' என்ற பெயரை அரசே 2021-இல் மாற்றிவிட்டது, நம் வாய்தான் இன்னும் மாறவில்லை.)

முதல் நாளே பிள்ளையை எழுப்பி, "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். "இங்கதான் பிறந்தேன் டீச்சர்" என்றாள். அவள் அம்மாவும் இங்கே பிறந்தவர்தானாம். 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறியவர் பாட்டி.

வரைபடத்தில் தொடங்குங்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே நூல் வைத்து அளக்கட்டும்: சுமார் 30 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து அவ்வளவு தூரத்தில் எந்த ஊர் இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அடுத்து, ஒரே ஒரு பள்ளிப்பையோடு வீட்டை விட்டுக் கிளம்பினால் எதை எடுப்பாய்? எழுதச் சொல்லுங்கள், நடிக்க வேண்டாம். துப்பாக்கிச் சத்தம் போட ஒரு பையன் எப்போதும் தயாராக இருப்பான்.

எனக்குப் பிடித்தது சொல் விளையாட்டு. நம் சொல்லுக்கு எதிரே இலங்கைத் தமிழ்ச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போகலாம்: நாற்காலி – கதிரை, சோப்பு – சவர்க்காரம், பிரெட் – பாண். செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பையன், "பாணின்னா தண்ணி" என்றான். "எங்க பாட்டி பாகைத்தான் பாணின்னு சொல்லுவா" என்று முகாம் பிள்ளை மறுத்தாள். அன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை.

"இவங்க எப்போ திரும்பிப் போவாங்க?" என்று யாராவது கேட்பார்கள். அந்தப் பிள்ளையைப் பார்க்காமல், பதிலை நீங்களே சொல்லுங்கள்: இவர்களில் பலர் பிறந்ததே இங்கேதான், 'திரும்பி' என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தாது; இங்கே பிறந்தும் பலருக்கு இந்தியக் குடியுரிமை இன்னும் கிடைக்கவில்லை.