குழந்தைக் கட்டில் வாங்கப் போகிறீர்களா? பையில் டேப் இருக்கட்டும்

குழந்தைக்கென்று வாங்கும் பொருட்களில் பெரும்பாலானவற்றை நாம் பக்கத்தில் இருந்துதான் பயன்படுத்துகிறோம். தள்ளுவண்டியை நாமே தள்ளுகிறோம், குளியல் தொட்டியில் கை பிடித்து நிற்கிறோம். கட்டில் அப்படியல்ல. குழந்தையை அதில் கிடத்திவிட்டுச் சமைக்கப் போகிறோம், துணி காயப்போடப் போகிறோம், இரவில் நாமும் தூங்கிவிடுகிறோம். எனவே கடையில் ஒரு கட்டிலைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யாரும் கவனிக்காத அரை மணி நேரத்தில் குழந்தையின் தலையோ கழுத்தோ முகமோ இதில் எங்காவது மாட்டுமா? அழகு, விலை, நிறம் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கேள்விக்கான பதிலில் பாதியை ஓர் அளவு டேப்பே சொல்லிவிடும். கடைக்கோ ஆசாரியிடமோ போகும்முன் அதைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: எந்த வகை, எந்த இடம்

நம் வீடுகளில் மூன்று ஏற்பாடுகள் உண்டு. சேலையில் கட்டும் தூளி, ஆடும் மரத்தொட்டில் அல்லது கம்பித் தொட்டில், நான்கு பக்கமும் அழி (தடுப்புக் கம்பிகள்) வைத்து அசையாமல் நிற்கும் கட்டில். இரவு முழுவதும் தூங்க வைப்பதற்கு மூன்றாவதைத்தான் நான் சொல்வேன்.

தூளியைக் குறை சொன்னால் வீட்டில் பெரியவர்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். தூளியில் குழந்தையின் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் போய் அழுந்துகிறது. தலையைத் தானே நிமிர்த்தத் தெரியாத வயதில் அந்த நிலை மூச்சுப் பாதையை அடைக்கக்கூடும். இன்னொரு ஆபத்து மூத்த பிள்ளைகளுக்கு. தூளியைப் பிடித்து முறுக்கி விளையாடும்போது சேலை கழுத்தை இறுக்கி உயிர் போன செய்திகள் நாளிதழ்களில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மடியில் வைத்துத் தாலாட்டும் நேரத்துக்குப் பதிலாகப் பகலில், ஒருவர் அருகிலேயே இருக்க, சிறிது நேரம் தூளி என்றால் அது உங்கள் முடிவு. அந்த ஒருவர் எழுந்து போகும்போது குழந்தையும் தூளியிலிருந்து இறங்க வேண்டும்.

ஆடும் தொட்டில் குழந்தை புரளத் தொடங்கும்வரைதான். கை ஊன்றி எழும்ப முயலும் குழந்தை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் தொட்டிலும் கூடவே சாயும்.

இடத்தையும் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். குறைந்தது முதல் 6 மாதம் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவது நல்லது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். அம்மாவின் கட்டிலுக்கு எட்டும் தொலைவு போதும். ஜன்னலை ஒட்டிப் போடாதீர்கள். திரைச்சீலைக் கயிறு, செல்போன் சார்ஜர் வயர் எதுவும் குழந்தையின் கைக்கு வரக்கூடாது. தலைக்கு நேர் மேலே சாமி படம், கடிகாரம், அலமாரி இருந்தால் ஒன்று அதை நகர்த்துங்கள், அல்லது கட்டிலை நகர்த்துங்கள். கதவு திறக்கும் வளைவையும் சேர்த்துத் தரையில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: இடைவெளிகளை அளப்பது

அழிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்க விதிப்படி அது 2⅜ அங்குலத்தைத் தாண்டக்கூடாது; ஆசாரி கணக்கில் இரண்டு அங்குலம் மூன்று நூல், ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். ஐரோப்பியத் தர அளவு 4.5 முதல் 6.5 சென்டிமீட்டர். காரணம் தெரிந்தால் அளவு மறக்காது. கைக்குழந்தையின் இடுப்பு தலையைவிடச் சிறியது. அகன்ற அழிக்குள் முதலில் கால் நுழையும், பிறகு இடுப்பு, பிறகு மார்பு. தலை மட்டும் உள்ளேயே நின்றுவிடும். உடலின் எடை முழுவதும் கழுத்தில் தொங்கும்.

குளிர்பான கேன் அழிக்குள் நுழையாவிட்டால் போதும் என்று ஒரு குறிப்பு இணையத்தில் சுற்றுகிறது. கேன்கள் ஒரே பருமனில் வருவதில்லை. நம் கடைகளில் ஒல்லியான கேன்களும் நிறையவே உண்டு. தடித்த அட்டையில் சரியாக 6 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். அது எந்த அழிக்கு நடுவிலும் தளர்வாகப் போய் வரக்கூடாது. பிறகு இரண்டு அழிகளைக் கையால் பிடித்து விலக்கிக்கொண்டே மறுபடியும் அட்டையை நுழைத்துப் பாருங்கள். மெல்லிய அழி வளைந்து கொடுக்கும். பார்வைக்குச் சரியாக இருந்த இடைவெளி கையில் பிடித்ததும் அகலும். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்து தலைமாட்டுப் பலகை. அதில் மயில், இதயம், நட்சத்திரம் என்று ஓட்டை போட்டுச் செதுக்கியிருந்தால் அந்தக் கட்டிலை விட்டுவிடுங்கள். கையோ தலையோ மாட்டுவதற்கு அதைவிட வசதியான இடம் வேண்டாம். நான்கு மூலைக் கால்களின் உச்சியில் குமிழ் வைப்பது நம் மரவேலையில் பெரிய அலங்காரம். ஆனால் எட்டிப் பார்க்கும் குழந்தையின் சட்டைக் கழுத்து அதில்தான் சிக்கும். அமெரிக்க விதி மூலைக்கால் பலகையைவிட 1/16 அங்குலத்துக்கு மேல் துருத்தக்கூடாது என்கிறது, அதாவது அரை நூல். சுருக்கமாக, உச்சி வழவழவென்று சமமாக இருக்க வேண்டும்.

அழிகள் நெடுக்கில் நிற்க வேண்டும். குறுக்கில் படுத்திருந்தால் அது ஏணி. ஒரு வயதுப் பிள்ளை ஏறிவிடும். மெத்தையைத் தாங்கும் தட்டு மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது அதிலிருந்து மேல் கம்பி வரை 26 அங்குலமாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் டேப்பைச் சுருட்டலாம்.

மூன்றாம் படி: மெத்தை

கட்டிலுக்கு ஆயிரங்களைக் கொட்டிவிட்டு, மெத்தைக்கு வீட்டிலிருக்கும் இலவம்பஞ்சை அடைத்துத் தைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரியவர்களுக்கு இலவம்பஞ்சு சுகம். கைக்குழந்தைக்கு அது பள்ளம். முகம் புதைந்தால் விலக்கிக்கொள்ளும் பலம் அதன் கழுத்துக்கு இன்னும் வரவில்லை. தேங்காய் நார் மெத்தையோ அடர்த்தியான ஃபோம் மெத்தையோ எடுங்கள். உள்ளங்கையை நடுவில் அழுத்தி எடுத்தால் மேற்பரப்பு உடனே சமமாக வேண்டும். கையின் அச்சு ஒரு நொடி நின்றாலும் அது வேண்டாம். பெரியவர்களுக்கு ‘கட்டையாக இருக்கிறதே’ என்று தோன்றினால் அதுதான் சரியான மெத்தை.

அளவில் நம் ஊரில் ஒழுங்கு கிடையாது. கடைக்குக் கடை மாறும். ஆகவே கடைக் கட்டில் என்றால் முதலில் கட்டிலை வாங்கி, உட்புறத்தை அளந்து, அதற்கு மெத்தை வாங்குங்கள். ஆசாரியிடம் செய்வதாக இருந்தால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் மெத்தை, அதைச் சுற்றிக் கட்டில். மெத்தையை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு எதிர்ப்பக்கம் விரல் விட்டுப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் அந்தச் சந்தில் குழந்தையின் முகம் சிக்கலாம். துண்டைச் சுருட்டிச் சந்தை அடைப்பது தீர்வல்ல. துண்டே அடுத்த ஆபத்து. கனம் 4 அங்குலம் போதும், 6 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். மெத்தை உயர உயர அழியின் உயரம் குறைகிறது.

விரிப்பில் நான்கு ஓரமும் எலாஸ்டிக் இருக்க வேண்டும். கடையில் அந்த அளவில் கிடைக்காவிட்டால் தெருமுனைத் தையற்காரர் தைத்துத் தருவார். ரப்பர் ஷீட் போட்டால் அது விரிப்புக்கு அடியில் இழுத்துச் செருகியிருக்க வேண்டும்.

நான்காம் படி: ஆட்டிப் பாருங்கள்

ஒரு பக்க அழியை மேலும் கீழும் இறக்கி ஏற்றும் கட்டில்கள் இங்கே இன்னமும் விற்பனையில் இருக்கின்றன. குனியாமல் குழந்தையை எடுக்கலாம் என்பது வசதிதான். ஆனால் அந்தப் பக்கத்தின் பூட்டு தேய்ந்தோ கழன்றோ போனால் அழிக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு வாய் திறந்துகொள்ளும். குழந்தை அதில் சரிந்து மாட்டும். இப்படிப் பல குழந்தைகள் இறந்த பிறகு அமெரிக்காவில் 2011 ஜூன் 28 முதல் இந்த வகையைத் தயாரிக்கவும் விற்கவும் தடை வந்தது. நான்கு பக்கமும் நிலையாக உள்ளதையே வாங்குங்கள். முதுகு வலிக்குத் தட்டை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் கட்டிலோடு ஒட்டுவதற்காக ஒரு பக்கத்தைக் கழற்றும் வகை என்றால், இரண்டு மெத்தையும் ஒரே மட்டத்தில், நடுவில் சந்தே இல்லாமல், விலகாதபடி பிணைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் நான்காவது பக்கத்தையும் மாட்டியே பயன்படுத்துங்கள்.

இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பிடித்து, நின்றுகொண்டு துள்ளும் பிள்ளை ஆட்டுவதுபோல் ஆட்டுங்கள். கிறீச்சென்ற சத்தம் மூட்டு தளர்ந்ததற்கு அறிகுறி. போல்ட்டும் நட்டும் சேரும் மூட்டு, பலகையில் நேரடியாக முறுக்கிய திருகைவிட நெடுநாள் நிற்கும். மரத்தூள் பலகையில் ஒருமுறை கழற்றி மாட்டினாலே திருகுப்பிடி போய்விடும். சக்கரம் இருந்தால் பூட்டும் இருக்க வேண்டும். மேசையாக, சோபாவாக, பள்ளிக்கூட டெஸ்க்காக மாறும் ‘ஏழு வசதி’ கட்டில்களைப் பற்றி என் கருத்து: மாற்றுவதற்கான திருகுகள் அதிகம், மாற்றுகிறவர்கள் குறைவு.

ஐந்தாம் படி: மரமும் பெயின்டும்

தேக்கோ ரப்பர் மரமோ வேம்போ, நன்றாகக் காய்ந்த மரமாக இருந்தால் சரி. காயாத மரம் சுருங்கும்போது மூட்டு தளரும், அழி கழலும். பல் முளைக்கும் பருவத்தில் பிள்ளை மேல் கம்பியைத்தான் கடிக்கும். எனவே பெயின்டில் ஈயம் இருக்கக்கூடாது. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சம் பங்கில் 90 பங்கை) தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. டப்பாவின் மேல் அது அச்சிடப்பட்டிருக்கும். ஆசாரியிடம் பெயின்ட் டப்பாவைக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். பட்டறையில் மிச்சமிருந்த பழைய டப்பா ‘சும்மா கிடந்தது’ என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் வாசனை முழுவதும் போகும்வரை காற்றாட வைக்க வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய வாரம் ஆர்டர் கொடுத்தால் இது நடக்காது.

ஆறாம் படி: உள்ளே எதுவும் வைக்காமல் இருப்பது

இதுதான் வீட்டில் அதிகம் சண்டை வரும் படி. கடையில் கட்டிலோடு ‘செட்’ என்று தருவார்கள்: குட்டித் தலையணை, பக்கத் திண்டு, ரஜாய், சுற்றிலும் கட்டும் பஞ்சுத் தடுப்பு. எல்லாம் அழகு, எதுவும் வேண்டாம். முகத்தில் அழுந்தி மூச்சை மறைக்கும் பொருட்கள் இவை. பஞ்சுத் தடுப்பின் விற்பனையை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே நிறுத்தியது. தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் இதே கணக்குதான். தலை உருண்டையாக வேண்டுமானால் விழித்திருக்கும்போது, நம் கண் முன்னால், சிறிது நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தூங்கும்போது முதல் ஒரு வயது வரை மல்லாக்கத்தான்.

கழுத்தில் கறுப்புக் கயிறு, பாசிமணி, தங்கச் சங்கிலி எதுவும் தூங்கும்போது வேண்டாம். கண்ணேறு கழிய வேண்டுமென்றால் கன்னத்தில் மை போதும் என்று பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். மேலே தொங்கும் பொம்மைகளைக் குழந்தை கை ஊன்றி எழும்பத் தொடங்கியதும், ஏறக்குறைய ஐந்தாவது மாதத்தில், அவிழ்த்துவிட வேண்டும்.

கொசுவலை மட்டும் விதிவிலக்கு. நம் ஊரில் அது இல்லாமல் முடியாது. ஆனால் வலை கட்டிலுக்கு வெளிப்பக்கம், தொய்வில்லாமல் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். உள்ளே சரிந்து கிடக்கும் வலையில் குழந்தை உருண்டு போய் முகத்தைப் புதைக்கும். கட்டும் நாடாக்களின் மிச்சத்தைக் கத்தரித்துவிடுங்கள்.

ஏழாம் படி: பழைய கட்டில் வந்து சேர்ந்தால்

அக்கா பிள்ளை தூங்கிய கட்டில் ராசியானது என்று சொல்லி அனுப்புவார்கள். மறுக்க வேண்டியதில்லை, மேலே சொன்ன எல்லாச் சோதனையையும் அதற்கும் செய்யுங்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்டது, ஒரு பக்கம் இறங்குவது, அழி உடைந்தது என்றால் நன்றி சொல்லிப் பரணில் வைத்துவிடலாம். காணாமல் போன போல்ட்டுக்குப் பதில் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தால் சரியான போல்ட் கிடைக்கும்வரை குழந்தையை அதில் போடாதீர்கள். பழைய பெயின்டை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப்பிக்க வேண்டாம். அதில் ஈயம் இருந்தால் தூசி வீடெங்கும் பரவும்.

பயன்படுத்தும்போது

பிறந்த புதிதில் தட்டு மேல் நிலையில் இருக்கலாம். குழந்தை தானாக உட்காரத் தொடங்குவதற்கு முன்பே ஒரு நிலை இறக்குங்கள். பிடித்து நிற்க முயலும்போது அடி நிலைக்குக் கொண்டுவாருங்கள். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட வேண்டாம், பிள்ளைகள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எழுந்து நிற்பதில்லை. மாதம் ஒருமுறை போல்ட்டுகளை முறுக்கிப் பாருங்கள். குழந்தையின் உயரம் 35 அங்குலத்தைத் தொட்டாலோ, நிற்கும்போது மேல் கம்பி மார்பளவுக்கு வந்தாலோ, ஒரு கால் கம்பிக்கு மேல் ஏறினாலோ கட்டிலின் வேலை முடிந்தது; அன்றிரவே தரையில் மெத்தை போட்டுவிடுங்கள்.

கழற்றும்போது போல்ட், நட், சாவி எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, எந்த போல்ட் எந்த மூட்டுக்கு, எந்த வருடம் வாங்கியது என்று சீட்டு எழுதித் தட்டின் அடிப்பக்கம் ஒட்டிவிடுங்கள். தங்கை வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும்போது கட்டுக்கம்பிக்கு அங்கே வேலை இருக்காது.