சுரங்கத்துல தண்ணியும் கழிவுக் கல்லும், போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கோங்க

காட்பாடி, குடியாத்தம் பக்கம் மைனிங் டிப்ளமா முடிச்சுட்டு நிலக்கரி சுரங்கத்துக்குப் போற தம்பிங்களுக்கு இது. பாலாத்துல தண்ணி வந்தா வேடிக்கை பார்க்கப் போற ஊரு நம்மது, அங்க தண்ணிதான் மொத எதிரி.

மழைத்தண்ணி குழிக்குள்ள இறங்கவே கூடாது. மேட்டுலயே குழியைச் சுத்தி கால்வா வெட்டணும், கார்லண்ட் டிரெயின்னு சொல்லுவாங்க, அதை மழைக்கு முன்னாடியே தூர் வாரிடுங்க, அப்புறம் சேத்துல ஜேசிபி இறக்கி மாட்டிக்கினு முழிக்காதீங்க (நான் முழிச்சிருக்கேன்). மீறி உள்ள வந்தது குழியோட அடியில தண்ணி சேர வெட்டி வெச்ச பள்ளத்துல, அதாவது சம்ப்ல சேரும், அதை பம்ப் பண்ணி குளத்துல வண்டல் தங்கவிட்டுத்தான் வெளிய விடணும். நெய்வேலி கதையே வேற, பழுப்பு நிலக்கரிக்கு அடியிலயே அழுத்தத்தோட ஊத்துத்தண்ணி நிக்குது, ராப்பகலா எறைச்சாதான் தரை பொத்துக்காது.

நிலக்கரிக்கு மேல இருந்த மண்ணையும் கல்லையும் வெட்டிக் கொட்டுற கழிவு மேட்டுச் சரிவு 37.5 டிகிரியைத் தாண்டக்கூடாது, 30 மீட்டருக்கு மேல போனா படி வெட்டணும், அடிவாரம் ரோட்டுலருந்து 100 மீட்டராவது தள்ளி இருக்கணும். உச்சியில விரல் நுழையுற வெடிப்பு தெரிஞ்சா ரெண்டு பக்கமும் முளைக்குச்சி அடிச்சு டேப்ல அளந்து எழுதிவைங்க, அடுத்த ஷிப்டுல இடைவெளி கூடியிருந்தா அங்க லாரி ஏத்தாதீங்க, யாரு திட்டினாலும் சரி.

அடிவாரத்துல கசியுற தண்ணி துருப்பிடிச்ச தகரத்துல ஒழுகுற மாதிரி செம்மஞ்சளா இருந்தா, பெரும்பாலும் கல்லுல பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) இருக்கு, காத்தும் தண்ணியும் பட்டு ஆசிட் ஆகுது. பிஎச் பேப்பர் நனைச்சுப் பாருங்க, 5.5க்குக் கீழன்னா வெளிய விடக்கூடாது, சுண்ணாம்பு கலக்கணும். அந்தக் கல்லை மேட்டுக்கு நடுவுல போட்டு மேல களிமண் போட்டு ரோலர் விட்டு இறுக்கிடுங்க.