தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிய வேண்டாம், வீட்டிலேயே மாற்றலாம்

“சென்னையில என்ன குளிரா சார் அடிக்குது? தெர்மோஸ்டாட்டே வேணாம், எடுத்துப் போட்டுடலாம்.” எஞ்சின் சூடாகிறது என்று வண்டியை விட்டால் சில இடங்களில் இந்த யோசனைதான் வரும். கேட்க நியாயமாக இருந்தாலும் தப்பு. அக்னி நட்சத்திரத்திலும் நம் ஊர் வெயில் 42 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும்; எஞ்சினுக்கோ 90 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டை நெருங்கும்வரை கூலண்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும், மைலேஜ் இறங்கும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். டிராஃபிக்கில் நிற்கும்போது சூடு இன்னும் ஏறும்.

பழுது அதுதானா?

சிக்னலில் நின்றால் சூடு ஏறி, ஓடும்போது இறங்கினால் முதலில் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போதும் டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் ஏறுகிறது, கூலண்ட் அளவு சரி, மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் மட்டும் குளிர்ந்து கிடக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஹோஸைத் தொடும்போது கை ஃபேனை நெருங்கக் கூடாது. அரை மணி நேரம் ஓட்டியும் முள் நடுவுக்கு வரவே இல்லையென்றால் அது திறந்தபடி சிக்கியிருக்கலாம்.

வாங்க வேண்டியவை

உங்கள் மாடலுக்கான தெர்மோஸ்டாட், புது கேஸ்கெட் அல்லது ஓ-ரிங், கூலண்ட். சிறிய கார்களுக்கு 3 முதல் 5 லிட்டர் பிடிக்கும். சரியான அளவும் வகையும் மேனுவலில் இருக்கும். நிறத்தை நம்பி வாங்காதீர்கள்: பச்சையெல்லாம் ஒரே வகை அல்ல. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் பழைய பீஸைக் காட்டிக் கேட்டால் வேலை சுலபம். புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் மலிவுதான், ஆனால் இதை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது. கூலண்ட் கான்சன்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும்.

பொருத்தும் முன் ஒரு சோதனை. சமையலுக்கு இனி எடுக்காத பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளும். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் அசையவில்லையா, கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

கழற்றுவது

1. எஞ்சின் முழுக்க ஆறட்டும். இரவு முழுக்க நின்ற வண்டி என்றால் நிம்மதி. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

2. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றும்.

3. அடியில் ஒரு டப் வைத்து ரேடியேட்டர் டிரெய்ன் பிளக்கைத் திறங்கள். வடிந்த கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தெருநாய் நக்கினால் செத்துப்போகும். தரையில் விடாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் சேர்க்கும் ஒர்க்ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள்.

4. தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூடுதான் ஹவுசிங்; அதில் மாட்டியிருக்கும் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்துங்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் முதலில் திருகுங்கள். ஹவுசிங்கில் பெரும்பாலும் இரண்டு மூன்று போல்ட்தான். திறந்ததும் பழையது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஃபோட்டோ எடுத்துவிடுங்கள்.

பொருத்துவது

பழைய கேஸ்கெட் துணுக்குகளை அலுமினியத்தில் கீறல் விழாமல் சுரண்டுங்கள். ஒரு துணுக்கு நின்றாலும் அங்கே ஒழுகும். தெர்மோஸ்டாட்டின் ஸ்பிரிங் பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும். விளிம்பில் ஆடும் சிறு பின் இருந்தால், ஹவுசிங் பக்கவாட்டில் இருக்கும் எஞ்சின்களில் அது மேலே வரவேண்டும். காற்று வெளியேறும் வழி அது. போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். சின்ன 6 எம்எம் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். பலத்தைக் காட்டினால் அலுமினியத்தில் மரை போய்விடும்.

காற்று எடுப்பது

பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். புதுசு போட்டும் சூடாகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே காற்று நிற்கிறது. வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். அப்பார்ட்மென்ட் ரேம்ப் போதும், ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்குக் கல்லும் அவசியம். டிரெய்ன் பிளக்கை மூடி, ஹோஸைத் திரும்ப மாட்டியாயிற்றா என்று பார்த்துவிட்டு, கூலண்டை மெதுவாக ஊற்றுங்கள். பேட்டரியை மாட்டி, மூடி திறந்தபடியே ஐடிலில் ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். அந்தக் குழாயிலும் காற்று தங்கும். மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்தால் குமிழிகள் வரும். தெர்மோஸ்டாட் திறந்ததும் கூலண்ட் மட்டம் சட்டென்று இறங்கும், உடனே நிரப்புங்கள். குமிழி நின்றதும் மூடி போட்டு, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். நடுவில் முள் நடுக்கோட்டைத் தாண்டினால் அணைத்துவிடுங்கள்.

மறுநாள் காலை மட்டம் சற்று இறங்கியிருந்தால் பயமில்லை, நிரப்பிக்கொள்ளலாம். தினமும் இறங்கினால் ஹவுசிங் ஓரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புப் பூத்ததுபோல் காய்ந்த தடம் தெரிந்தால் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை.