மரண அறிவித்தலைப் பின்தொடர்ந்து ஊடக வரலாறு எழுதும் முறை

கொழும்புப் பாடசாலைகளில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பயிலும் உயர்தர மாணவர்களிடம், ஊடகங்கள் சமூகத்தை எவ்வாறு மாற்றின என்று எழுதச் சொன்னால், பெரும்பாலும் ஆண்டுப் பட்டியல் ஒன்றுதான் கைக்கு வருகிறது: 1857இல் முத்திரை, 1858இல் தந்தி, 1925இல் வானொலி, 1979இல் தொலைக்காட்சி. ஆண்டுகளில் பிழையில்லை. ஆனால் முத்திரை வந்தபின் யார் யாருக்குக் கடிதம் எழுதினர், வானொலி வந்தபின் எந்த வீட்டு விறாந்தையில் யார் கூடினர் என்பவை அந்தப் பட்டியலில் அகப்படுவதில்லை. ஆகவே ஊடகங்களை வரிசைப்படுத்துவதை விட்டுவிட்டு, ஒரேயொரு வகைச் செய்தியைத் தெரிவுசெய்து, ஊடகம் மாற மாற அந்தச் செய்தி எப்படி மாறியது என்று பின்தொடருமாறு பரிந்துரைக்கிறேன். பரீட்சைப் பெறுபேறு, கலியாணச் செய்தி, தேங்காய் விலை என எதையும் எடுக்கலாம். தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை மரண அறிவித்தலுக்கு ஈடானது வேறில்லை என்பது என் கணிப்பு. அதைச் சொல்லாமல் விட எந்த வீட்டாலும் இயலாது, சொல்வதற்குக் கிடைத்த வழிகளில் எதையும் அவர்கள் எளிதில் தவறவிடுவதுமில்லை.

தேடலைத் தொடங்குமுன், கேட்கவேண்டிய கேள்விகளைப் பழகிக்கொள்வது நல்லது. அதற்குச் சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்று, காலியிலிருந்து கொண்டுவரப்பட்ட மும்மொழிக் கல்வெட்டின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய அக்கல் 1409ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்டது. வலப்புறம் சீனமும், இடப்புறத்தில் மேலே தமிழும், கீழே பாரசீகமும் பொறிக்கப்பட்டுள்ளன. சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தெய்வேந்திரமுனைக் கோயிலின் தெய்வமான தெனாவரை நாயனாருக்கும், பாரசீக வாசகம் இஸ்லாமிய மரபில் இறைவனுக்கும் காணிக்கை செலுத்தப்பட்டதைக் கூறுகின்றன. ஒரே அரசின் கொடை மூன்று கூட்டத்தாருக்கு மூன்று விதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இது யாரை நோக்கிப் பேசுகிறது, செலவை யார் ஏற்றார், எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு காலம் நிற்கும், யாரை வெளியே விடுகிறது என்ற கேள்விகளை இங்கேயே குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். 1911இல் கண்டெடுக்கப்பட்டபோது அந்தக் கல் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மரணச் செய்திக்கு வரலாம். தந்திக்கு முந்திய காலத்தில் ஆளனுப்பித்தான் இழவு சொல்லப்பட்டது. யாருக்கு நேரில் சொல்வது, யாரிடம் சொல்லியனுப்புவது என்பதிலேயே உறவின் நெருக்கமும் சாதிப் படிநிலையும் தெரிந்துவிடும். முறைப்படி சொல்லப்படாதவர் செத்தவீட்டுக்கு வராமல் விடுவதும், அந்த மனத்தாங்கல் பிள்ளைகள் காலம்வரை இழுபடுவதும் உண்டு. பிந்திய ஊடகங்கள் எல்லாம் இந்தக் கடமையைத்தான் வெவ்வேறு விதமாக நிறைவேற்ற முயன்றன என்பதை மனத்தில் வைத்தால், மற்றவை தாமாக ஒழுங்குபடும்.

தந்தியைப் பற்றி எழுதும்போது, வேகம் முதலில் யாருக்குத் தேவைப்பட்டது என்று கேளுங்கள். 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி இணைப்பு ஏற்படும்வரை, காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த வெளிநாட்டுச் செய்திகளைக் கொழும்பின் ஒப்சேவர் பத்திரிகை புறாக்கள் மூலம் வரவழைத்தது. சந்தை நிலவரத்துக்காகக் காத்திருந்த வணிகருக்காக வளர்ந்த வேகத்தைத் துக்க வீட்டார் பிற்பாடே பயன்படுத்தத் தொடங்கினர். சொல்லுக்குச் சொல் காசு என்பதால், இறந்தவரின் உறவுமுறையும் 'உடனே வரவும்' என்ற அழைப்பும் தவிர அதில் வேறெதற்கும் இடமிருக்கவில்லை. தந்திச் சேவகர் படலையில் நின்றாலே, உறையைப் பிரிக்குமுன் அழுகை எழுந்த கதைகளை வயதானவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்யலாம்.

அடுத்தது பத்திரிகை. கொழும்பில் வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின. பழைய இதழ்களுக்குப் பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தை நாடலாம். போவதற்கு முன் வாசகர் அனுமதி பற்றித் தொலைபேசியில் விசாரித்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும், நூலகம் என்னும் இணைய நூலகமும் உதவும். எல்லாவற்றையும் வாசிக்க முற்படாமல், பத்தாண்டு இடைவெளியில் ஒரே மாதத்து இதழ்களை எடுத்து, அறிவித்தல்களை மட்டும் ஒப்பிடுங்கள். படம் உண்டா, பட்டமும் தொழிலும் எங்கே வருகின்றன, பெண் இறந்தால் அவள் பெயர் முதலில் வருகிறதா கணவன் பெயரா என்று பாருங்கள். பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் லண்டன், கனடா, ஜேர்மனி ஆகியவை 1983 இனக்கலவரத்துக்குப் பின் எவ்வாறு பெருகுகின்றன என்பதையும் எண்ணுங்கள். புலம்பெயர்வைப் பற்றிய பல கட்டுரைகளைவிட அந்த அடைப்புக்குறிகள் தெளிவாகப் பேசும்.

ஒரு எச்சரிக்கை: விற்பனை எண்ணிக்கையை வாசகர் எண்ணிக்கையாகக் கொள்ள வேண்டாம். 1920களில் தேசபக்தன் பத்திரிகையை நடத்திய கோ. நடேசய்யரின் அரசியல், எழுத்தறியாத தோட்டத் தொழிலாளரிடம் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாடிய பாடல்கள் வழியாகவும் சென்றடைந்தது. அச்சு வந்ததும் வாய்மொழி ஓய்ந்துவிட்டது என்று எழுதுவோர் இதைக் கவனிக்கத் தவறுகின்றனர்.

வானொலிக்கு அதிக பக்கங்களை ஒதுக்குங்கள். 1925 டிசெம்பர் 16இல், தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால், கொழும்பில் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை வந்தபின், மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களின் குரல்களுக்குத் தமிழ்நாட்டிலும் நேயர்கள் திரண்டனர். இவற்றை விரிவாக எழுத நிறையப் பேர் இருக்கின்றனர். நீங்கள் மரண அறிவித்தலில் நில்லுங்கள். பிறந்த ஊர், வசிப்பிடம், 'காலஞ்சென்றவர்களான' பெற்றோர், 'அன்புக் கணவரும்', 'பாசமிகு தந்தையும்', மருமக்கள், சகோதரர், பேரப்பிள்ளைகள் என நீண்டு, இறுதிக்கிரியை நடைபெறும் நேரமும் மயானமும் கூறி, 'இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்' என்று அது முடியும். அந்தக் கடைசி வரியோடு, வீடு வீடாகச் சென்று சொல்லும் பொறுப்பு ஒலிவாங்கியிடம் ஒப்படைக்கப்பட்டது. வானொலியில் கேட்டவர், 'எனக்குச் சொல்லப்படவில்லை' என்று இனிக் குறைசொல்ல வழியில்லை. முன்பின் அறியாத குடும்பங்களின் முழு வம்சாவளியையும் நாடெங்கும் உள்ளவர்கள் காலைத் தேநீரோடு கேட்டனர். பட்டியலில் விடுபட்ட மருமகனைப் பற்றி ஊர் அன்றைக்கே பேசியிருக்கும்.

ஓர் ஊடகம் எதைத் தாங்கி நின்றது என்பதை அறிய, அது நின்றுபோன நாட்களைத் தேடுவது பயன்தரும். 1990களில் மின்சாரம் துண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். கொழும்பில் நிகழ்ந்த மரணத்தை அங்குள்ள உறவினர் எவ்வாறு அறிந்தனர் என்று அக்காலத்தவரிடம் கேளுங்கள். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னரும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்ட நாட்களைப் பற்றி உங்கள் வயதினரிடமே விசாரிக்கலாம்.

தொலைக்காட்சி இந்தச் செய்தியின் வடிவத்தை அதிகம் மாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு பந்தி போதும். கைத்தொலைபேசி அப்படியல்ல. இறந்து சில நிமிடங்களிலேயே வட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிடுகிறது. டொரன்டோவிலுள்ள மகன் கொழும்பின் கனத்தை மயானத்தில் நடைபெறும் இறுதிக்கிரியையை நேரலையில் பார்க்கிறார். அதே சமயம், வீட்டின் மூத்தவருக்குச் சொல்லுமுன் உலகம் முழுவதற்கும் தெரிந்துவிடும் அவலமும் நேர்கிறது.

நேர்காணலில் 'உங்கள் வீட்டுக்கு ரேடியோ எப்போது வந்தது?' என்று தொடங்கினால் ஆண்டு மட்டுமே கிடைக்கும். 'அம்மம்மா, தாத்தா செத்ததை உங்களுக்கு ஆர் சொன்னது, எப்படிச் சொன்னது?' என்று வீட்டுப் பேச்சில் கேளுங்கள். அழுதால் ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள்; அன்றைக்கு அவ்வளவு போதும். நினைவில் சொன்ன திகதியை அச்சில் வந்த அறிவித்தலோடு ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். உயிரோடிருப்பவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கிய பிரதியை மட்டுமே ஆசிரியரிடம் கையளியுங்கள். முழுப் பிரதி வீட்டிலேயே இருக்கட்டும்.