எல்லவுக்குப் போகிறவர்கள் தியத்தலாவையில் ஒருக்கா இறங்குங்கள்

லண்டன், டொரொன்டோவிலிருந்து இலங்கைக்கு வருகிறவர்கள் மலைநாடு என்றால் நேரே எல்லவுக்கு டிக்கெட் போடுகிறார்கள், ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுக்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். அதே பாதையில் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் தியத்தலாவை இருக்கிறது. அரை நாள் கையில் இருந்தால் கோச்சியை விட்டு இறங்கிவிடுங்கள்.

இறங்கியதும் கண்ணில் படுவது சீருடைதான். வடக்கில் போருக்குள் வளர்ந்தவர்களுக்கு உள்ளே ஏதோ இறுகும், எனக்கும் இறுகியது. ஆனால் இது பயிற்சி ஊர், இராணுவக் கல்லூரியே இங்கேதான். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள், முகாம் வாசலைப் படம் எடுக்காதீர்கள். நான் மலையைத்தான் எடுத்தேன், ஓரத்தில் காவல் கூண்டும் விழுந்துவிட்டது, நின்ற பையன் சிரித்துக்கொண்டே அழிக்கச் சொன்னான், அழித்தேன். அவ்வளவுதான்.

இந்த ஊர் படைக்கு வந்த கதை 1900 இல் தொடங்குகிறது. தென்னாபிரிக்காவில் நடந்த போரில் பிடித்த போயர் (அங்கே குடியேறிய டச்சு வழிவந்த வெள்ளையர்) கைதிகளைப் பிரித்தானியர் கப்பலில் கொழும்புக்குக் கொண்டுவந்து, ரயிலில் ஏற்றி இங்கே அடைத்தார்கள். ஏறக்குறைய 5,000 பேர். ரயில் பாதை சில வருடங்களுக்கு முன்தான் மலையேறியிருந்தது, குளிரான இடம், தப்பினாலும் சுற்றிலும் கடல். தகரக் கொட்டில்களில் இருந்தவர்கள் மரத்திலும் எலும்பிலும் சாமான் செதுக்கி விற்றார்கள். காய்ச்சலில் செத்தவர்களுக்கு ஊரில் நினைவுச்சின்னம் இருக்கிறது, கேட்டுக்கொண்டு போங்கள். 1902 இல் போர் முடிந்தும் பிரித்தானிய முடிக்கு விசுவாசம் சொல்ல மறுத்து இலங்கையிலேயே தங்கிய எங்கெல்பிரெக்ட் என்பவர்தான் பிறகு யாலக் காட்டுக்கு முதல் காவலர் ஆனார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்களை அடைத்தபோது, காவி உடுத்த ஜெர்மன் பிக்குகளையும் விடவில்லை.

மலைச்சரிவில் வெள்ளைக் கல்லில் தெரிகிற நரி, முதல் உலகப் போர்க் காலத்தில் 'பொக்ஸ்' என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் போட்டது என்பார்கள். ஏப்ரலில் அங்கே மோட்டார் பந்தயம் வைப்பார்கள். 2024 இல் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் செத்தார்கள், போனால் ஓரத்தில் நிற்காதீர்கள்.

சரி, எனக்குப் பிடித்தது வேறொன்று. முகாமில் காலையில் பரேட். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் பதிகிற இடத்துக்குப் 'பிரட்டுக்களம்' என்று பெயர். பரேட்தான் பிரட்டு ஆனது! துப்பாக்கி பிடித்தவனுக்கும் கொழுந்துக் கூடை சுமந்தவளுக்கும் துரைமார் வைத்தது ஒரே சொல்.

லயத்துப் பக்கம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் பக்கம் போனால் கேட்டுவிட்டுப் போங்கள், வாசலில் காயும் துணியோடு சேர்த்துப் படம் எடுக்காதீர்கள். 'இந்தியாவில் எந்த ஊர்?' என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். 1948 இல் இலங்கை இவர்களின் குடியுரிமையைப் பறித்தபோதும், 1964 இல் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடுகளும் கையெழுத்திட்டபோதும் இவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலையகத் தமிழர் என்று சொல்லுங்கள். அக்கா, அண்ணா என்று கூப்பிட்டால் பிளேன்ரீ (பால் இல்லாத தேநீர்) தானாக வரும், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

சுவெட்டர் கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் ரயில் ஓடாது, முதல் நாளே விசாரியுங்கள். ரயில் இல்லாவிட்டால் பண்டாரவளையிலிருந்து பஸ் இருக்கிறது, பக்கம்தான்.