உங்கள் பகுதியில் இடைநிற்றல் கூடுகிறதா, குறைகிறதா? கணக்குப் பார்க்கும் வழி

முதலில், சதவீதத்தைப் பார்த்ததும் அது எந்த வகுப்புகளுக்கானது என்று கேளுங்கள். யுடைஸ் பிளஸ் என்கிற மத்திய அரசின் பள்ளிக் கணக்கில் 2023-24க்கு நாடு தழுவிய இடைநிற்றல், அதாவது படிப்பைப் பாதியில் விட்டவர்கள், 14.1 சதவீதம் என்றும் இருக்கும், 10.9 என்றும் இருக்கும். இரண்டும் சரிதான். முதலாவது 9, 10 வகுப்புகளுக்கு மட்டும், அடுத்தது 9 முதல் 12 வரை சேர்த்தது. அதேபோல 12 வரை சேர்த்து 2024-25க்கு வந்த 8.2ஐ அந்த 14.1 பக்கத்தில் வைத்து, பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். இன்னொன்று, 2022-23இலிருந்துதான் மாணவர் வாரியாகப் பதிகிறார்கள், அதற்கு முந்தைய வருடங்களோடு சேர்த்து ஒரே கோடாக வரையக் கூடாது.

அப்புறம் பள்ளிக்கே போங்கள். ஜூன் கடைசியில் போவது நல்லது. போன வருடம் எட்டில் எத்தனை பேர், இப்போது ஒன்பதில் எத்தனை பேர், பத்தை முடித்தவர்களில் பதினொன்றில் யார் யார் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். எண்ணிக்கை குறைந்தாலே இடைநிற்றல் ஆகாது. சென்னையில் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு வீடு மாற்றப்பட்ட பிள்ளை இங்கே குறைந்து அங்கே கூடியிருக்கலாம். அதனால் டிசி வாங்கிப் போனவர்களின் எமிஸ் எண் (கல்வித்துறையின் இணையப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) வேறு பள்ளியில் ஏறிவிட்டதா, இல்லை எந்தப் பள்ளியிலும் சேராதவர்களின் பொதுப் பட்டியலான காமன் பூலிலேயே இன்னும் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், மாவட்டச் சதவீதத்தைவிட அங்கே கிடக்கும் பெயர்கள்தான் முக்கியம்.

பெயர் கிடைத்ததும் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அப்படி வீடு மாற்றப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரில் ஒரு பையன், பழைய பள்ளியை விட மனசில்லாமல் விடியற்காலையிலேயே பஸ் பிடித்துப் போய்வந்தான். முதல் பீரியடுக்கு தினமும் லேட், தினமும் வெளியே நிற்பது, பத்தாவதில் கணக்கு போய்விட்டது. அந்த மே மாதமே கேட்டரிங் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. எந்தப் பதிவேட்டில் பார்த்தாலும் அவனுக்கு எழுதியிருப்பது 'படிப்பில் ஆர்வமில்லை' என்றுதான் இருக்கும், அந்த வார்த்தையை மட்டும் நம்பவே நம்பாதீர்கள்.

இப்படி ஒன்றிரண்டு பாடத்தில் நின்றவர்களை மே மாதமே பிடியுங்கள். துணைத்தேர்வு ஜூலை வாக்கில் வந்துவிடும், தேறினால் அதே வருடம் பதினொன்றில் சேரலாம், ஆனால் விண்ணப்பிக்க மிகச் சில நாட்கள்தான் தருவார்கள். விவரம் கேட்க கல்வித்துறை உதவி எண் 14417, பதினான்கு வயது ஆகாத பிள்ளை வேலைக்குப் போவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.